மடிப்பின் மறுபக்கம்

வொன்ஜு நகர உள்விளையாட்டரங்கு.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
பதினேழாம் மேசை என்னுடையது.
பெட்டியின் முத்திரையை அறுத்துக் கவிழ்த்தார்கள்.
மடித்த தாள்கள் சரிந்து பரவின, மூட்டை பிரிந்த பொரிபோல.
ஆள்காட்டி விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டேன்.

கணிப்பு வந்துவிட்டது என்றாள் பக்கத்து மேசை ஓக்-பூன்.
நூடுல்ஸுக்கு வெந்நீர் பிடிக்கிற சாக்கில்
நடைபாதைத் தொலைக்காட்சியை எட்டிப் பார்த்தேன்.
எழுபது தாண்டியவர்கள்:
ஆணும் பெண்ணும் ஒரே உயரக் கம்பங்கள்,
கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல.
ஐம்பதுகள், அதாவது நாங்கள், ஏறக்குறைய அப்படியே.
இருபதுகள் வந்ததும் ஓக்-பூன் உச்சுக்கொட்டினாள்.
பையன்கள் ஒரு நிறம். பெண்கள் வேறு நிறம்.
ஒரே வகுப்பில் ஒரே பால் டப்பாவை உறிஞ்சியவர்கள்.

அந்தக் கம்பங்கள் இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன,
பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவை.
தோ-க்யோம் பதினெட்டு மாதம்
எல்லையில் பனி வாரிவிட்டு வந்தான்.
சோல்-பி பொதுக் கழிப்பறையில்
ஒவ்வொரு திருகாணித் துளையையும்
ஈரக் காகிதத்தால் அடைத்த பிறகே உட்காருவாள்.
"இதை யார் கணக்கில் வைத்தது?"
கேட்டது அவனா அவளா என்று
சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குச் சில நாள் தெரியாது.
மார்ச்சிலிருந்து ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை.
கிம்ச்சி டப்பாவில்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

"அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும்.
மிச்சம் நம்ம ரெண்டு ஓட்டுதான்"
என்பார் என் கணவர் மான்-சொக்.
நம்ம ரெண்டு.
நான் திருத்தியதில்லை.

எங்கள் முத்திரை ஒரு சிவப்பு வட்டம்.
உள்ளே நிமிர்ந்த ஒரு கோடு, அதன் வலப்புறம் சின்னக் கிளை.
கிளை எதற்கென்று பயிற்சியில் சொன்னார்கள்:
மை காயுமுன் மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழும்.
கிளை வலப்புறம் இருந்தால் குத்தியது.
இடப்புறம் இருந்தால் ஒட்டியது.
ஒட்டியதை எண்ணக்கூடாது.

முப்பது வருடமாக
நான் எண்ணக் கொடுத்ததெல்லாம் ஒட்டியதுதான்.
முதலில் அப்பா. சம்சொக்கில், கணவாய் காயும் முற்றத்தில்,
செய்தித்தாளில் ஒரு எண்ணை வட்டமிட்டு
என் பக்கம் திருப்பி வைப்பார்.
பிறகு மான்-சொக்.
காரை நிறுத்தி, கதவைத் திறக்கும் முன்
விரல்களால் எண்ணைக் காட்டுவார்,
பால் எத்தனை வாங்க வேண்டும் என்பதுபோல.
கோபமெல்லாம் இல்லை.
மடித்த இடத்தில் மடிந்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, முன்வாக்குப்பதிவில்,
அலுவலகம் போகும் வழியில், தனியாக.
குத்தினேன்.
சூடான பார்லித் தேநீரை ஊதுவதுபோல ஊதினேன்.
அடுத்து நின்றவர் தடுப்புக்கு வெளியே இருமினார்.
இன்னொரு முறை ஊதினேன்.
யாருக்கு என்று ஓக்-பூன்கூடக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

இரவு ஒரு மணிக்கு
எந்திரம் ஒரு தாளைத் துப்பியது. இரண்டு வட்டங்கள்.
இரு கட்சிப் பார்வையாளர்களும் குனிந்தார்கள்,
தாடி முளைக்காத ஒரு பையன்,
நகத்தில் நீலம் தீட்டிய ஒரு பெண்.
விளக்கில் பிடித்துக் காட்டினேன்.
ஒன்றில் கிளை வலம். மற்றதில் இடம், வெளிறி.
"செல்லும்" என்றேன்.
இருவரும் தலையாட்டினார்கள்,
அவரவர் நாற்காலிக்குப் போய்
அவரவர் கைப்பேசியைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் என் கைப்பேசி.
சோல்-பி: அவன் என் டப்பாவிலிருந்து தின்றுவிட்டான்.
மான்-சொக்: நம்ம ஆள்தானே முந்துறார்?

பதில் எழுத விரலை வைத்தேன்.
ரப்பர் உறை போட்ட விரலைத் திரைக்குத் தெரியவில்லை.
இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.
உறையைக் கழற்றவில்லை.